சுத்தமான உழைப்பு

உழைப்பை அளக்கப் பொருளியல் ஓர் அருமையான வழி கண்டிருக்கிறது. கணினித் திரையில் 48 கோடுகள். ஒவ்வொன்றிலும் உள்ள குமிழைப் பூச்சியத்திலிருந்து இழுத்துச் சரியாக 50-இல் நிறுத்த வேண்டும். நேரம் 120 விநாடி. கூடுதல் குமிழ்களை நிறுத்தினால் பரிசு வாய்ப்பும் கூடும். டேவிட் கில், விக்டோரியா பிரவுஸ் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இது. வேலை முடிந்தபின் உலகில் ஒரு மாற்றமும் இராது. கலப்படமில்லாத உழைப்பு!

மருதமுனை நெசவாளியும் நாள் முழுக்க நாடாவை இடமும் வலமுமாய் ஓட்டுகிறார். பாவம், கடைசியில் ஒரு சாரம் வந்து விழுந்துவிடுகிறது. சோதனை கெட்டது, தகுதியில்லை.

மதுரைப் பக்கம் வேறோர் ஆய்வுக்குழு, விளையாட்டொன்றுக்கு 400 ரூபாய் வரை கொடுத்துப் பார்த்தது. பெருந்தொகை என்றதும் ஆட்கள் சொதப்பினார்கள் என்று 2009-இல் எழுதியது. நம் முதலாளிமாருக்கு இது முன்பே தெரியும். நெசவாளியின் கைத்திறன் கெடக்கூடாதென்றுதானே கூலியைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள்!

ஆய்வாளர்கள் கல்முனைக்கு வரட்டும். ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரே அடையாள அட்டை இலக்கத்தை மூன்று படிவத்தில் எழுதி, "நாளைக்கு வாங்க காக்கா" கேட்டுத் திரும்பும் சனம் கந்தோர் வாசலில் தயாராய் நிற்கிறது. ஒரே வித்தியாசம்: அங்கே பங்கேற்பவருக்குக் காசு கொடுப்பார்கள், இங்கே போட்டோ கொப்பிக்கு நாம்தான் கொடுக்கிறோம்.