செல்லாத காசுப் பேரம்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசிய பரம்பரை நாங்கள். எழுபதாயிரம் சொல்லும் மாட்டை முப்பதாயிரத்துக்குக் கேட்டால் வியாபாரி வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஆனால், கேட்டுவிட்டுத்தான் திட்டுவார். அந்தத் தைரியத்தில் வால்பாறையில் உட்கார்ந்துகொண்டே கைப்பேசியில் பங்கு வாங்கக் கிளம்பினேன். லிமிட் ஆர்டர் போட்டால் நாம் சொன்ன விலைக்கு மேல் ஒரு காசும் தரவேண்டாமாம். எனக்கென்றே செய்தது மாதிரி இருந்தது.

ஆசைப்பட்டது பாம்பே பர்மா பங்குக்கு. 1863-ல் தொடங்கிய கம்பெனி. முடீஸ் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுடையவை. தினமும் பார்க்கிற செடியில் நாலு இலையாவது நமக்கும் சொந்தமாகட்டுமே என்று பாதி விலைக்குக் கேட்டேன். செயலி ஏற்கவில்லை. முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து 2, 5, 10, 20 சதவீதம் என்று பங்குக்குத் தகுந்தபடி ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். அதற்கு வெளியே நின்று விலை சொன்னால் உள்ளேயே விடமாட்டார்கள். யாரும் விலையைக் கண்டபடி ஏற்றி இறக்கிவிடக் கூடாது என்பதற்காம். நான் கேட்ட ரெண்டு பங்கில் மும்பையே ஆடிப்போகும் என்று பயந்திருக்கிறார்களே, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

சரியென்று வேலிக்குள் வந்து, கௌரவத்துக்கு ஐந்து காசு மட்டும் குறைத்தேன். அதுவும் திரும்பி வந்தது. தேசியப் பங்குச் சந்தையில் 2025 ஏப்ரலிலிருந்து ஆயிரத்துக்கு மேல் ஐயாயிரம் வரை விலையுள்ள பங்குக்குப் பத்துப் பத்துக் காசாகத்தான் கேட்க வேண்டும். 250 ரூபாய்க்குக் கீழே என்றால் ஒரு காசுக்கும் மல்லுக்கட்டலாம்.

ஒருவழியாக ஆர்டரை ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கென்று மழை, கரண்டும் சிக்னலும் கைகோத்துக்கொண்டு போயின. வந்தபோது மணி மூன்றரை தாண்டியிருந்தது. பங்கு என் விலையைத் தொட்டிருக்கிறது. அதே விலைக்கு எனக்கு முன்னால் கேட்டவர்களோடு சரக்குத் தீர்ந்துவிட்டது. சந்தை மூடியதும் ஆர்டர் காலாவதி. ஓராண்டு வரை காத்திருக்கும் ஜிடிடி ஆர்டர் சில தரகர்களிடம் உண்டுதான். அதைப் போட்டுவிட்டால் காலை 9.15-க்குக் கம்பெனி முதலாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார எனக்கு வேறென்ன காரணம் இருக்கிறது?

"ஏனுங்க, அந்தப் பத்துக் காசை நான் தாரேன், வாங்கித் தொலைங்க" என்றாள் வீட்டுக்காரி.

"பத்துக் காசெல்லாம் 2011-லயே செல்லாமப் போயிருச்சு" என்று மடக்கினேன்.

"செல்லாத காசுக்கா இத்தன நாளா மல்லுக்கட்டுனீங்க?"

சிக்னல் வந்துவிட்டதா என்று பார்க்க நான் வாசலுக்குப் போய்விட்டேன்.