காத்துல கேக்கல: ஹெல்மெட் இன்டர்காம் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

பைக்கில் முன்னால் இருப்பவரின் காதுக்கும் பின்னால் இருப்பவரின் வாய்க்கும் நடுவில் உள்ள தூரம் ஏறத்தாழ ஒரு சாண். இந்த ஒரு சாணைக் கடக்க உதவும் கம்பியில்லாக் கருவிக்கு ஹெல்மெட் இன்டர்காம் என்று பெயர். பெட்டியின் மேல் ஒரு கிலோமீட்டர் எட்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு சாணுக்கு ஒரு கிலோமீட்டர் எதற்கு என்பதே இத்துறையின் முதற்கேள்வி.

விடை காற்றில் இருக்கிறது. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வண்டி 40ஐத் தொடும் வரை பேச்சு பேச்சாகவே காதில் விழும். மல்லூர் தாண்டி 60ஐப் பிடித்தால் மெய்யெழுத்துகள் உதிர்ந்து உயிரெழுத்துகள் மட்டும் மிஞ்சும். ஆண்டகளூர் கேட்டுக்கு அப்பால் 80இல், பின்னால் இருப்பவர் ஏதோ சொல்கிறார் என்ற தகவல் மட்டும் வந்து சேரும். 100ஐத் தொட்டால் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே 95 டெசிபெல் அளவுக்குப் போய்விடும். முட்டை லாரியின் ஏர் ஹாரன் தனிக்கணக்கு. 2015 ஜூலை 1 முதல் ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்குமே ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, ஏட்டளவிலாவது இரண்டு காதுகளோடு ஒரு வாயும் மூடப்பட்டது.

கருவி வருவதற்கு முன்பே இப்பகுதியில் ஒரு தொடுமொழி வழங்கிவந்தது. தோளில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். கண்டக்டரின் விசிலிலிருந்து வந்த இலக்கணம் இது. விலாவில் விரல் எந்தப் பக்கம் படுகிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். முதுகில் கிள்ளு விழுந்தால், போக வேண்டிய வீடு நூறடி பின்னால் போய்விட்டது என்று பொருள். இம்மொழியில் பெயர்ச்சொல் கிடையாது. எல்லாமே ஏவல் வினை. குடும்ப விவகாரங்களைப் பேச இது போதாது.

அடுத்தது செருகல் முறை: செல்போனை ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொள்வது. செலவில்லாதது, கன்னத்தில் போனின் அச்சைப் பதிப்பது, எதிர்முனையில் இருப்பவருக்குக் காற்றை மட்டும் அனுப்புவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு கையில் பிடித்த கருவியைத்தானே சொல்கிறது, இதை ஹெல்மெட்டல்லவா பிடித்திருக்கிறது என்ற வாதம் டீக்கடையில் செல்லும், செக்போஸ்ட்டில் செல்லாது.

இன்டர்காம் செட்டுகளில் பெரும்பாலானவை ப்ளூடூத்தில் இயங்குபவை. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஒருவரின் பட்டப்பெயரைத் தாங்கிய இந்த முறை, 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 79 அலைவரிசைகளுக்குள் வினாடிக்கு 1,600 முறை தாவித் தாவிப் பேச்சைக் கடத்துகிறது. இப்படித் தாவும் யோசனை ஒன்றுக்கு 1942இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற இருவரில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார். பியானோவின் கட்டைகளைப் போல 88 அலைவரிசைகள் என்பது அவர்கள் கணக்கு. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால்தான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நடிக்கவைத்து ‘உத்தம புத்திரன்’ எடுத்திருந்தது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் தோன்றும் வித்தை கைவந்த ஊருக்கு இந்தக் காப்புரிமை கிடைக்காமல் போனது ஆய்வுக்குரியது.

தேர்வு என்று வந்தால், யாரோடு போகிறோம் என்பதுதான் முதல் அளவுகோல். ஒரே வண்டியில் இருவர் என்றால் சாதாரண ப்ளூடூத் செட் தாராளம். நான்கைந்து வண்டிகள் சேர்ந்து கொல்லிமலை ஏறுவதாக இருந்தால் மெஷ் என்னும் வலைப்பின்னல் வகை செட் தேவை. ப்ளூடூத்தில் வண்டிகள் சங்கிலியாகக் கோர்த்திருக்கும். நடுவில் ஒருவர் டீ குடிக்க ஒதுங்கினால் சங்கிலி அறுந்துவிடும். மெஷ்ஷில் அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் தாமாகக் கோர்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு கம்பெனியின் மெஷ் இன்னொரு கம்பெனியின் மெஷ்ஷோடு பொதுவாகப் பேசாது. இதில் சம்பந்தி வீட்டு முறை கடைப்பிடிக்கப்படுகிறது. பெட்டியில் போட்ட தூரம் வெட்டவெளிக்கு உரியது. புதுச்சத்திரத்துச் சமவெளியில் அதை ஓரளவு நம்பலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நடுவில் பாறை வந்தால் பேச்சு பாதி வாக்கியத்தில் நிற்கும்.

ஹெல்மெட்டையும் பார்க்க வேண்டும். முழு முகம் மூடும் ஹெல்மெட்டுக்குத் தாடைக்குள் ஒட்டும் சின்ன மைக் போதும். முகம் திறந்ததற்கு வாய்வரை நீளும் தண்டு மைக். ஸ்பீக்கர் காதுத்துளைக்கு நேரே அமைய வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலும் ஒலி பாதியாகிவிடும், வாங்கியவர் கம்பெனியைத் திட்டுவார். மாட்டுவதற்காக ஹெல்மெட்டில் துளை போடக் கூடாது, கவ்வி உண்டு. சித்திரை வெயிலில் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் தொங்கவிட்டுப் போகிறவர், பேட்டரியின் ஆயுளைத் தானே குறைத்துக்கொள்கிறார். ஹெல்மெட்டுக்குள் காற்றடிக்கும் குளிர்விப்பானில் தொடங்கிய பெங்களூர் ப்ளூஆர்மர் கம்பெனி பிறகு இன்டர்காமுக்கு வந்தது. பேசுவதற்கு முன் வேகாமல் இருக்க வேண்டும் என்ற அந்த வரிசையில் சேலத்துக்காரர்கள் குறை காண மாட்டார்கள்.

செட் வாங்குகிறவர்கள் அதிகம் யோசிக்காத பகுதி ஒன்று உண்டு. இதுவரை காற்று ஒரு நடுவராக இருந்துவந்தது.

“ஏனுங்க, அப்படியே எங்கண்ணன் வூட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாமுங்களா?”

“காத்துல ஒண்ணும் கேக்கல.”

இந்த விடை பொய்யும் அல்ல, மறுப்பும் அல்ல. யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் வண்டி நேராகப் போய்விடும். இரைச்சலை வடிகட்டும் செட் வந்ததும் இந்த விடை செத்துவிட்டது. மாற்றாகப் புழக்கத்துக்கு வந்த “சார்ஜ் தீந்துபோச்சு” என்பது பலவீனமானது. நல்ல செட் பத்து மணி நேரம் தாங்கும். சேலத்திலிருந்து நாமக்கல் 55 கிலோமீட்டர் போல, ஒரு மணி நேரப் பயணம். தவிர, செட்டைப் பெரும்பாலும் ஹெல்மெட்டின் இடப்பக்கம் மாட்டுவார்கள். சார்ஜ் இருக்கும்வரை பல செட்டுகளில் நீல விளக்கு மினுக்கும், குறைந்தால் சிவப்பு. மாட்டியவருக்கு அது தெரியாது. பின்னால் ஒரு சாண் தூரத்தில் இருப்பவருக்குக் கண்ணுக்கு நேரே தெரியும். ஆகவே விளக்கு எந்தப் பக்கம் பார்த்து எரிகிறது என்பதை, விலை கேட்பதற்கு முன்பே கடையில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.