ஒரு விரல் நுனியின் விண்ணப்பம்

பெறுநர்: சுவிஸ் கூட்டாட்சி அரசு, பேர்ண்
விடயம்: விபத்துக் காப்புறுதி ஆணை, 3ஆம் இணைப்பு

பெருமதிப்புக்குரியீர்,

நான் ஒரு வலக்கைச் சுட்டுவிரலின் நுனிக் கணு. ஓர்லிகோனில் பாண் சீவும் மெஷின் ஒன்று என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது.

மூடியைத் திறந்தால் அலகு நிற்கவேண்டும். அதற்கென்றே ஒரு சுவிச் உண்டு. அதன்மேல் யாரோ ஒரு காந்தத் துண்டை வைத்து டேப் ஒட்டியிருந்தார்கள். மூடி திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக நம்பி மெஷின் ஓடும். சிக்கிய பாண் துண்டை எடுக்கப் போனோம். நின்று எடுக்க நேரம் ஏது?

உங்கள் இணைப்பை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு கை போனால் இழப்பீடு 40 வீதம். காது மடல் 10. என் இனத்தாருக்குக் குறைந்தது இரண்டு கணு போகவேண்டும், அப்போதுதான் 5. பெருவிரல் மட்டும் ஒரு கணுவுக்கே அதை வாங்கிவிடுகிறது. தடித்தவருக்குத் தனிச் சட்டம் போலும். 2016இல் வைத்த 148,200 பிராங் ஆண்டுச் சம்பள உச்சவரம்பில் 5 வீதம் என்றால் 7,410 பிராங். அதற்குக் கீழே பூச்சியம்.

இந்த விதியை மெஷினுக்கு யாரும் சொல்லவில்லை. இனிமேல் அலகுகளில் அளவுகோல் பொருத்த உத்தரவிடுங்கள். வெட்டுவதென்றால் இரண்டு கணுவாக வெட்டட்டும்.

குறை மட்டும் சொன்னால் நன்றிகெட்டதனம். வைத்தியச் செலவும், மூன்றாம் நாளிலிருந்து 80 வீதச் சம்பளமும் கிடைத்தன. முதலாளியின் விரலுக்கும் தொழிலாளியின் விரலுக்கும் இணைப்பில் ஒரே விலை என்பதும் மெச்சத்தக்கது. முதலாளியின் விரல் மெஷின் பக்கம் வருவதில்லை என்பது வேறு கதை.

இதே ஓர்லிகோனில் 2012 மே மாதம், ரயில் பாதைக்கு இடம் வேண்டுமென்று, பழைய மெஷின் தொழிற்சாலையின் 6,200 தொன் கட்டடத்தை இடிக்காமல் அப்படியே 60 மீற்றர் நகர்த்தினார்கள். ஒரு காந்தத் துண்டை ஓர் அங்குலம் நகர்த்தத்தான் பொறியியலாளர் கிடைக்கவில்லை.

கடைசியாக ஒன்று. வதிவிட அனுமதி அட்டைக்கு என் சொந்தக்காரரிடம் நீங்கள் எடுத்தது என் ரேகையைத்தான். அப்போது என்னைக் கண்ணாடிமேல் வைத்து, "நன்றாக அழுத்துங்கள்" என்றார் உங்கள் அலுவலர். அடுத்த முறை அட்டை புதுப்பிக்கும்போது என்னைத் தேடுவீர்கள். அந்த அலுவலகத்தில் நான் எத்தனை வீதம்?

இங்ஙனம்,
சுட்டுவிரல் நுனி
(பதவி இழந்தது)