குறத்திப் பாட்டு வேண்டும், குறத்தி வேண்டாம்

திருவண்ணாமலைக்காரர்களுக்குக் குறத்தி என்றால் உயிர். அருணகிரிநாதர் ஊராயிற்றே! கம்பத்து இளையனார் சந்நிதியில் நின்று, வள்ளியைக் கைப்பிடித்த குறவர் வீட்டு மருமகனே என்று காலையில் உருகுவோம். ராத்திரி ஆடித் திருவிழாப் பாட்டுக் கச்சேரியில் மைக் பிடித்ததும் அந்தப் பக்தி லீவு போட்டுவிடும்.

'சிங்கன் சிங்கி' என்கிற குறவன் குறத்திப் பாட்டு ஐட்டம் இல்லாவிட்டால் கூட்டம் நிற்காதாம். பாடகர் முகத்தில் கரியை அப்பிக்கொள்வார். கழுத்தில் பாசிமணி, தோளில் டால்டா டப்பா. 'சாமியோவ்' என்று இழுத்தால் போதும், விசில் பறக்கும். 1968-இல் 'ஒளிவிளக்கு' படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் போட்ட வேஷம். அரை நூற்றாண்டு தாண்டியும் கரி காயவில்லை.

குறவர் வேறு, நரிக்குறவர் வேறு; நரிக்குறவர் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. மேடைக்கு அதெல்லாம் எதற்கு? இரண்டு பேரையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கினால் காமெடி ரெடி. வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டுக் குறவர்களைக் கைரேகை வைக்கச் சொன்னான். அவன் போனான், சட்டமும் போனது. திருட்டுப் பட்டத்தை மட்டும் மெட்டுப் போட்டு நாம் காப்பாற்றி வருகிறோம்.

2023 மார்ச்சில் குறவன் குறத்தி ஆட்டத்துக்கு அரசு தடை போட்டது. உடனே 'ஐயோ, பாரம்பரியம்!' என்று ஒரு புலம்பல். எந்தப் பாரம்பரியம்? குற்றாலக் குறவஞ்சியில் திரிகூடராசப்பக் கவிராயர் குறத்திக்குக் கொடுத்தது, தன் மலையின் வளத்தை நிமிர்ந்து பேசும் வாய். நீங்கள் கொடுத்தது இடுப்பு. ஆட்டத்துக்குத்தானே தடை, பாட்டுக்கு இல்லையே என்று கமிட்டிக்காரர்கள் சட்ட நுணுக்கம் பேசுகிறார்கள். அம்பேத்கர் தோற்றார், போங்கள்!

'அந்தக் காலத்துப் பாட்டுங்க, தப்பா எடுத்துக்கக் கூடாது.' சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். 2021-இல் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் நரிக்குறவப் பெண்ணுக்கு இலை இல்லை என்றார்கள். அமைச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் சோறு விழுந்தது. ஆட்டத்தைத் தடைசெய்த அதே 2023 மார்ச்சின் 30-ஆம் தேதி, சென்னை ரோகிணி தியேட்டர் வாசலில் கையில் டிக்கெட்டோடு நின்ற நரிக்குறவர் குடும்பத்தை முதலில் உள்ளே விடவில்லை. கரி பூசிய வேஷக்காரன் திரையில் வரலாம், மேடையில் ஆடலாம். நிஜ ஆள் நாற்காலியில் உட்காரக் கூடாது. பாட்டு நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்.

விழாக் கமிட்டிப் பெரியோர்களே, அடுத்த ஆடிக்கு அந்த ஐட்டத்தை நோட்டீசிலிருந்து எடுங்கள். பாடியே தீருவோம் என்றால் ஒன்று செய்யுங்கள். கிரிவலப் பாதையில் பாசி கோத்து விற்கிறாரே அந்த அம்மா, அவரைக் கூட்டிவந்து எம்.எல்.ஏ.வுக்குப் போட்ட முன்வரிசை நாற்காலியில் உட்காரவையுங்கள். அவர் முகத்தைப் பார்த்துப் பாடுங்கள். தொண்டையிலிருந்து சத்தம் வருகிறதா பார்ப்போம்.