கடல் எடுத்த பத்திரமும் கனடா கேட்கும் நாட்களும்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பி.ஆர்., அதாவது வெளிநாட்டு நிரந்தர வதிவிடம் பற்றியவை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் வெளிநாட்டுக் கதையோடுதான் வந்திருப்பார்கள் போலிருக்கிறது. ஆகவே முழுப் பக்கத்தையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கட்டாரில் 14 வருடம் முடிந்துவிட்டது. இன்னும் 6 வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் நிரந்தர வதிவிடம் தருவார்கள் என்று கேம்பில் கதைக்கிறார்கள். உண்மையா காக்கா?
*தோஹாவிலிருந்து ஒரு சாரதி*

சட்டம் உண்மை தம்பி. கேம்பில் அதைப் பாதிதான் சொல்கிறார்கள். கட்டாரின் 2018ஆம் ஆண்டு 10ஆம் இலக்கச் சட்டப்படி, வெளியே பிறந்தவர் 20 வருடமும் அங்கேயே பிறந்தவர் 10 வருடமும் தொடர்ந்து வசித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். அரபு தெரிந்திருக்க வேண்டும், போதிய வருமானம் வேண்டும், வருடத்துக்கு 60 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே நின்றிருக்கக் கூடாது. மீதிப் பாதி இதுதான்: பொதுவாக ஒரு வருடத்தில் 100 பேருக்குத்தான் கொடுப்பார்கள், அதுவும் எல்லா நாட்டவருக்கும் சேர்த்து. நோன்புப் பெருநாளுக்கு வந்து மூன்று மாதம் நின்றுவிட்டுப் போன வருடங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். சம்பளத்துக்காக இன்னும் 6 வருடம் இருக்கிறேன் என்றால் இருங்கள். இந்தச் சட்டத்தை நம்பி இருக்காதீர்கள்.

இக்காமாவும் பி.ஆரும் ஒன்றுதானே?
*றியாத் வாசகர்*

இல்லை. இக்காமா என்ற வதிவிட அனுமதி உங்கள் வேலையோடு கட்டியது, பி.ஆர். உங்களோடு கட்டியது. வேலை போன அடுத்த மாதம் எது கையில் நிற்கிறது என்று பாருங்கள், வித்தியாசம் விளங்கும். சவூதியில் 2019 முதல் கபீல் என்ற அனுசரணையாளர் இல்லாத நிரந்தர இக்காமாவும் உண்டு. அதற்குக் கட்ட வேண்டியது 8 இலட்சம் ரியால்.

எனக்கு 46. பத்து வருடம் துபாயில் கணக்காளர். அவுஸ்திரேலியாவுக்கா, கனடாவுக்கா போட்டால் நல்லது?
*சாய்ந்தமருது வாசகர்*

அவுஸ்திரேலியாவின் புள்ளி முறை வீசாவுக்கு அழைப்பு வரும் நேரம் 45 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். அந்தக் கதவு உங்களுக்கு மூடிவிட்டது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வயதெல்லை வைக்கவில்லை, ஆனால் அதன் தரவரிசையில் 45இல் வயதுக்கான புள்ளி பூச்சியம். உங்கள் வீட்டில் 24 வயதில் தாதிப் படிப்பு முடித்த மகள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வயதுக்குரிய முழுப் புள்ளியும் கிடைக்கிற பருவம் அது. கணக்கு உங்கள் தொழில், நீங்களே போட்டுப் பாருங்கள். ஆனால் அவளுக்குப் போக விருப்பமா என்று முதலில் அவளிடம் கேளுங்கள்.

என்ட பிறப்புப் பத்திரம், வாப்பாட பத்திரம், வீட்டு உறுதி எல்லாத்தையும் சுனாமி கொண்டு போயிட்டு. இப்ப மகன் பி.ஆருக்குப் போடுறான், என்ட பத்திரமும் கேக்கிறாங்களாம். கடல்கிட்டப் போய் கேக்கவா?
*கல்முனைக்குடி 11ஆம் குறிச்சியில் இருந்த ஒரு தாய்*

ராத்தா, 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எடுத்தது உங்கள் கையிலிருந்த பிரதியை. பதிவு வேறு, பிரதி வேறு. உங்கள் பிறப்பை எழுதிய பதிவேட்டிலிருந்து எத்தனை பிரதியும் எடுக்கலாம். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் விண்ணப்பம் கொடுங்கள். பதிவு இலக்கம் ஞாபகமில்லை என்றால் பிறந்த திகதி, ஊர், உம்மா வாப்பாவின் பெயர் போதும், தேடித் தருவார்கள். பதிவே இல்லை என்று எழுத்தில் தந்தால் அந்தக் கடிதத்தையும் கவனமாக வையுங்கள். காலங்கடந்த பதிவுக்கு அதுதான் முதல் படி.

உங்கள் மாப்பிள்ளையின் உடல் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனையை வைத்துவிட்டேன். அவரின் மௌத்தைப் பதியாமலே இத்தனை வருடம் இருந்துவிட்டீர்கள். உடல் கிடைக்காதவர்களின் இறப்பைப் பதியவென்றே 2005இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. அப்போது ஊரில் பலர் பதிந்தார்கள். பதிந்தால் ஆளை நாமே அனுப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று பதியாமல் விட்டவர்களும் இருந்தார்கள். இன்று எந்த வழியில் செய்யலாம் என்று அதே பதிவாளரிடம் கேளுங்கள். மகனின் படிவத்தில் வாப்பா இருக்கிறாரா, இல்லையா என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை வெறுமையாக விட முடியாது.

பிறப்புப் பத்திரத்தில் முகம்மது, பாஸ்போட்டில் முஹம்மத், ஓ.எல். சான்றிதழில் மொஹமட். நான் ஒரே ஆள்தான் என்று எப்படி நிரூபிப்பது?
*ஸாஹிராவின் பழைய மாணவர்*

நம்முடைய ஊரில் இந்தக் கேள்வி இல்லாத வீடு இருக்கிறதா! பதிவாளர் தமிழில் காதுக்குக் கேட்டதை எழுதினார், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆங்கிலத்தில் தனக்குத் தெரிந்ததை எழுதினார், பாஸ்போட்டுக்கு ஏஜென்சிப் பொடியன் அவசரத்தில் நிரப்பினான். மூன்று கை எழுதிய ஒரு பெயரை ஒட்டாவாவில் இருக்கிற அதிகாரி மூன்று ஆளாகப் பார்க்கிறார். அவரில் பிழையில்லை, அவருக்கு உங்களைத் தெரியாது.

பாஸ்போட்டில் உள்ள எழுத்தை அளவுகோலாக வையுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் பிறப்புப் பத்திரத்தைக் கொடுக்கும்போது பாஸ்போட்டையும் காட்டுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் எந்த எழுத்துப் போடுகிறார் என்பதில்தான் பாதிச் சிக்கல் பிறக்கிறது. மீதி வித்தியாசங்களுக்கு, எல்லா வடிவமும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று ஒரு சத்தியக் கடதாசி முடியுங்கள். ஒரு பெயரையும் விடாமல் எழுதுங்கள்.

இன்னொன்று. படிவம் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு அப்படி ஒன்று இல்லை. முன்னால் நிற்பது வாப்பாவின் பெயர், பின்னால் நிற்பதுதான் நம்முடையது. கலியாணம் முடித்தாலும் நம்முடைய பெண்கள் மாப்பிள்ளையின் பெயரை எடுப்பதில்லை. இதை நாலு வரியில் ஒரு விளக்கக் கடிதமாக எழுதி ஆரம்பத்திலேயே இணைத்துவிடுங்கள். கேட்டபிறகு சொல்வதை விட, கேட்கும் முன் சொல்வது மாதங்களை மிச்சப்படுத்தும்.

நிக்காஹ் நடந்து 3 வருடம். அவர் மெல்பேர்னில். பதிவு செய்யவில்லை. மார்க்கப்படி கலியாணம் சரிதானே, பிறகு ஏன் வீசாவுக்குப் பதிவு கேட்கிறார்கள்?
*மருதமுனை மகள்*

கலியாணம் சரிதான் மகள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமே, பதியவில்லை என்பதற்காக மட்டும் ஒரு நிக்காஹ் செல்லாமல் போகாது என்று சொல்கிறது. ஆனால் வீசா அதிகாரி உங்கள் பந்தலில் சாப்பிட்டவர் இல்லை. அவருக்குக் கடதாசி வேண்டும். பதிவாளரிடம் உடனே போய்ப் பதியுங்கள். மஹர், வலி (பெண்ணின் பொறுப்பாளர்), சாட்சிகளின் பெயர் விபரத்தோடு போங்கள்.

பதிந்த பிறகும் ஒரு குறை இருக்கும். அந்தப் பதிவில் வலி கையெழுத்து வைக்கிறார், மணமகளின் கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை. வெளிநாட்டு அதிகாரியின் கண்ணில் அது படும், உங்கள் சம்மதம் எங்கே என்பார். கலியாணப் போட்டோ, மூன்று வருடத்து அழைப்புப் பதிவு, அவர் அனுப்பிய காசின் வங்கித் துண்டு, அவர் வந்துபோன பயணத் திகதி எல்லாம் சேர்த்து வையுங்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதும் புத்தகத்தில் அவளின் கையெழுத்து இருக்க வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. சட்டத்தைத் திருத்தக் கேட்டு நம்முடைய பெண்கள் வருடக்கணக்காகப் பேசுகிறார்கள். அவர்கள் பேசுவது நியாயம்.

முதல் தாரத்துப் பிள்ளையைக் கனடாப் படிவத்தில் எழுத வேண்டாம், கேள்வி கூடும் என்று ஏஜென்ட் சொல்கிறார். விடவா?
*பெயர் வேண்டாம் என்றவர்*

விடாதீர்கள்! உங்களோடு வராத பிள்ளையையும் எழுதியே ஆக வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கும் கொண்டு போக வேண்டும். எழுதாமல் மறைத்த பிள்ளையைப் பின்னர் குடும்பப் பிரிவில் அழைக்க விதி இடம் கொடுப்பதில்லை. 2019இல் ஒரு தற்காலிகத் தளர்வு கொண்டு வந்தார்கள், அதை நம்பி ஒரு பிள்ளையை ஈடு வைக்கக் கூடாது. பொய்த் தகவல் என்று கண்டால் உங்களுக்கே 5 வருடத் தடை வரும். பிள்ளை வளர்ந்து ஒருநாள் அந்தப் படிவத்தின் பிரதியைப் பார்த்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஏஜென்டை மாற்றுங்கள்.

பி.ஆர். நிச்சயம் என்று எழுதித் தருகிற ஏஜென்டுக்குக் காசு கட்டலாமா?
*நற்பிட்டிமுனை வாசகர்*

அவரால் எழுதித் தர முடியாததைத்தான் எழுதித் தருகிறார். முடிவெடுப்பது அந்த நாட்டு அதிகாரி. கனடாவுக்கென்றால் சட்டத்தரணியோ அனுமதி பெற்ற ஆலோசகரோ, அவுஸ்திரேலியாவுக்கென்றால் பதிவு பெற்ற முகவரோ என்று பெயரைக் கேட்டு அந்த நாட்டின் பதிவேட்டில் தேடுங்கள். பெயர் இல்லையா, காசும் இல்லை.

வளைகுடாவில் மூன்று நாட்டில் வேலை செய்தேன். எதை எதைப் பத்திரப்படுத்த வேண்டும்?
*குவைத்திலிருந்து*

பழைய பாஸ்போட் எல்லாம். ஒவ்வொரு நாட்டு அடையாள அட்டையின் இரு பக்கப் பிரதி. கனடா, கடைசி 10 வருடத்தில் தொடர்ந்து 6 மாதம் நின்ற ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் சான்று கேட்கும். அடையாள அட்டை இலக்கம் இல்லாமல் அந்த நாட்டுப் பொலிஸில் உங்களைத் தேட முடியாது. கம்பனியை விட்டு இறங்கும் முன் வேலைக் கடிதம் வாங்குங்கள்: என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், எவ்வளவு சம்பளம், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை. கம்பனி மூடிய பிறகு அந்தக் கடிதத்துக்கு அலைகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

மகனுக்குக் கனடா பி.ஆர். எனக்கு சலரோகம் முற்றி அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக இருக்கிறேன். பக்கத்தில் இருக்க வந்தவன் 8 மாதமாக நிற்கிறான். என்னால் அவனுடைய பி.ஆர். போய்விடுமோ என்று இரவில் நித்திரை இல்லை.
*கல்முனைக்குடி உம்மா ஒருவர்*

உம்மா, நித்திரை கொள்ளுங்கள். கனடா கேட்பது 5 வருடத்தில் 730 நாள். தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அப்படியென்றால் 5 வருடத்தில் ஏறத்தாழ 3 வருடம் வெளியே நிற்க இடமிருக்கிறது. 8 மாதம் அதில் ஒரு துண்டு. அங்கே நின்ற நாளில் பாதி நாளும் முழு நாளாகத்தான் எண்ணப்படும். கனடாக் குடியுரிமை உள்ள மனைவியோடு சேர்ந்து வெளியே வாழ்ந்தால் அந்த நாட்களும் கணக்கில் வரும்.

அவன் கவனிக்க வேண்டியது பி.ஆர். அட்டையின் திகதி. அட்டை முடிந்தால் பி.ஆர். முடிந்ததாக ஆகாது, ஆனால் அட்டை இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிவரும், அப்போது நாட்களை எண்ணுவார்கள். நாள் குறைந்தாலும் தாயின் நோய் போன்ற மனிதாபிமானக் காரணத்தைச் சொல்ல உரிமை உண்டு. ஆகவே கிளினிக் புத்தகம், அனுமதித்த திகதி, டொக்டர் எழுதிய துண்டு ஒன்றையும் எறியாதீர்கள்.

என் வாப்பா படுக்கையில் விழுந்த வருடம் நான் ரொறன்ரோவுக்கும் ஊருக்குமாகப் பறந்தேன். போன திகதியும் வந்த திகதியும் எங்கும் குறிக்கவில்லை. அட்டையைப் புதுப்பிக்கும்போது, வாப்பா மௌத்தாகி நாற்பது நாள்கூட ஆகாத நிலையில், பாஸ்போட்டின் மங்கிய முத்திரைகளை லாம்பு வெளிச்சத்தில் பிடித்து எண்ணிக்கொண்டு இருந்தேன். அந்த இரவு யாருக்கும் வரக்கூடாது. மகனுக்கு நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள். போன நாள், வந்த நாள், விமான இலக்கம். அவ்வளவுதான்.

அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களும் கேட்டிருக்கிறீர்கள்: உங்கள் வீசாவின் பயண அனுமதி 5 வருடத்துக்கு. பிறகு வெளியே போய்த் திரும்ப மீள்வருகை வீசா வேண்டும், பொதுவாக 5 வருடத்தில் 2 வருடம் அங்கே நின்றிருக்க வேண்டும். பிரித்தானியாவில், தொடர்ந்து 2 வருடத்துக்கு மேல் வெளியே நின்றால் பொதுவாக நிரந்தர வதிவிட உரிமை போய்விடும்.

பி.ஆர். எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போகுமா? காணி வாங்க முடியாதா?
*ஆசிரியை, மஹ்மூத் பாலிகா*

போகாது, வாங்கலாம். பி.ஆர். எடுத்தவர் இலங்கைக் குடிமகன்தான், இலங்கைப் பாஸ்போட்தான். அடுத்த படியாக அந்த நாட்டுக் குடியுரிமைக்குச் சத்தியம் செய்யும்போதுதான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி இங்குள்ளது போகிறது. அதைத் தக்கவைக்க இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். காணி கைமாறுவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்கு. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. பாராளுமன்றக் கதிரை மட்டும் கிடையாது. சுவிற்சர்லாந்துக் குடியுரிமையும் வைத்திருந்த கீதா குமாரசிங்க 2017இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு ஆசனத்தை இழந்தார்.

ஆசிரியை என்பதால் இதையும் சொல்கிறேன், வகுப்பில் சொல்லுங்கள். அதே 1948 சட்டம்தான் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த மலையகத் தமிழரை ஒரே நாளில் நாடற்றவர் ஆக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இங்கும் என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சியவர்களுக்குத் தீர்வு வந்தது 2003 சட்டத்தோடுதான். பிறந்த மண்ணிலேயே குடியுரிமைக்கு விண்ணப்பித்து 55 வருடம் காத்திருந்தவர்கள் நம்முடைய நாட்டவர்.

மகள் பிறந்தது லண்டனில். இலங்கைப் பதிவு அவசரமா?
*லண்டன் வாசகர்*

அவசரம். ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதியுங்கள். பிந்தினால் அமைச்சின் அனுமதி, தண்டப்பணம் என்று நீளும்.

மகளுக்கென்று கடனெடுத்துக் கட்டின வீடு. அவள் மாப்பிள்ளையோட பி.ஆரில் போயிட்டாள். வீடு பூட்டிக் கிடக்கு. விக்கச் சொல்லுறாங்க. மனசு வருகுதில்ல. என்ன செய்ய மனே?
*கல்முனைக்குடி மூத்தம்மா*

விற்க வேண்டாம் மூத்தம்மா, இப்போதைக்கு வேண்டாம். நம்முடைய ஊரில் பெண்ணுக்கு வீடு என்பது அவள் திரும்பி வர ஒரு வாசல். பி.ஆர். எடுத்த எல்லோரும் அங்கேயே நிலைப்பதில்லை, குளிர் தாங்காமலும் பிள்ளைப்பேற்றுக்கும் வந்து நின்றவர்கள் உண்டு. உறுதி அவள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்களுக்கோ உங்கள் மகனுக்கோ அற்றோர்ணித் தத்துவம் முடித்து அனுப்பச் சொல்லுங்கள், அந்த நாட்டிலுள்ள நம்முடைய தூதரகத்தில் கையெழுத்திடலாம். அப்போதுதான் வரி கட்டவும், வாடகைக்குக் கொடுக்கவும், எல்லைச் சண்டை வந்தால் பேசவும் உங்களுக்கு உரிமை வரும். நல்ல குடும்பம் ஒன்றுக்கு வாடகைக்குக் கொடுங்கள், ஒரு அறையை மட்டும் மகளின் சாமானோடு பூட்டி வையுங்கள். கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. பூட்டிய வீட்டின் பிணைச்சல் இரண்டு மாரிக்குள் பிடித்துவிடும், வெள்ளிக்கிழமைகளில் யன்னலைத் திறந்துவிட ஒரு பிள்ளையை அனுப்புங்கள்.