தணிகை தபால்: ரயில் ஏறி, ராட்டினம் ஏறி...

பள்ளிக்கூட லீவு விட்டதும் தபால் பையில் ஒரே ராட்டினச் சத்தம். திருத்தணியில் ரயில் ஏறி, தீம் பார்க் பார்த்துவிட்டு, ராத்திரியே வீட்டுக்கு வந்து படுப்பது எப்படி என்று சுற்றுவட்டாரமே கேட்கிறது. இந்த வாரம் முழுக்க அதே பாட்டுதான்.

சென்னையில் எந்த தீம் பார்க் வாசலில் ரயில் நிற்கும்?
*- இல்லத்தரசி, கே.ஜி.கண்டிகை*

எந்த வாசலிலும் நிற்காது அம்மா. எழுதும்போதே வயிறு எரிகிறது. டோக்கியோவில் டிஸ்னிலேண்டை 1983-ல் திறந்தார்கள். 1988-ல் பக்கத்திலேயே மைஹாமா ஸ்டேஷனைக் கட்டிக் கொடுத்தார்கள். பாரிஸில் 1992-ல் பூங்கா திறந்தபோதே ரயிலும் வாசலுக்கு வந்துவிட்டது. ஹாங்காங்கில் 2005-ல் தனி லைனே போட்டு, ரயில் ஜன்னல்களை மிக்கி மவுஸ் தலை வடிவத்தில் வெட்டி வைத்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைக்கு ரயிலில் கால் வைத்த நிமிஷமே திருவிழா ஆரம்பம்!

நம் பக்கம் வி.ஜி.பி. ஈ.சி.ஆரில் இருக்கிறது. குயின்ஸ்லேண்ட் பெங்களூர் ஹைவேயில். 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா திருப்போரூர் பக்கம் இள்ளலூரில். மூன்றும் கார் வைத்திருப்பவருக்கு வசதியான இடங்கள். ரயிலில் வருகிறவர் கடைசிப் பத்து, இருபது கிலோமீட்டருக்கு பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் அலைய வேண்டும். மாதவரத்தில் இருந்து சிறுசேரி வரை மெட்ரோ வேலை நடக்கிறதே, அதை இன்னும் கொஞ்சம் இழுத்துத் திருப்போரூரில் விட்டால் என்ன? பூங்காவுக்கும் ஆச்சு, கந்தசாமி கோயிலுக்கும் ஆச்சு. கேட்டுக்கொண்டே இருப்பேன்.

குயின்ஸ்லேண்ட் போக சென்ட்ரல் வரை போய்த் திரும்ப வேண்டுமா?
*- கடைக்காரர், ஆர்.கே.பேட்டை*

வேண்டவே வேண்டாம்! சென்ட்ரல் போய், அங்கிருந்து பூந்தமல்லி பஸ் பிடித்து, வந்த திசையிலேயே திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது. திருவள்ளூரிலேயே இறங்குங்கள். அங்கிருந்து பூந்தமல்லி போகும் பஸ், திருமழிசை வழியாகப் போகும். திருமழிசையில் இறங்கிவிட்டால் ஹைவேயில் செம்பரம்பாக்கம், பழஞ்சூர் பக்கம் போக ஷேர் ஆட்டோ, பஸ் இருக்கின்றன. சென்னைக்குள் கால் வைக்காமலே வேலை முடிந்தது. மிச்சமான நேரத்தில் பெரிய ராட்டினத்தில் இரண்டு தடவை ஏறலாம்.

வி.ஜி.பி.க்கு மட்டும் சென்னைக்குள் போய்த்தான் ஆகணும். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கி, பார்க் டவுனுக்கு நடந்து, பறக்கும் ரயிலில் திருவான்மியூர். அங்கிருந்து ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஈஞ்சம்பாக்கம்.

லோக்கலில் ஜன்னல் சீட் கிடைக்க என்ன வழி?
*- கல்லூரி மாணவர், திருவாலங்காடு*

திருத்தணிக்குக் குடிவந்துவிடுங்கள் தம்பி. இங்கேயே புறப்படும் வண்டியில் எல்லா ஜன்னலும் நமக்குத்தான்.

மனைவிக்கு வொண்டர்லா போகணும். அம்மாவுக்குக் கோயிலுக்குப் போகணும். எனக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது.
*- அல்லாடும் மகன், பள்ளிப்பட்டு*

உங்களுக்காகவே திருப்போரூரில் முருகன் உட்கார்ந்திருக்கிறான். சென்னைப் பக்கமே போக வேண்டாம். அரக்கோணத்தில் இருந்து காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஒரு லைன் ஓடுகிறது. நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு அது நினைவிலேயே இல்லை. வண்டிகள் குறைவு, அதனால் முதல் நாளே நேரம் பார்த்து வையுங்கள். ஞாயிறு என்றால் இரண்டு முறை பாருங்கள், அன்றைக்குத்தான் தண்டவாள வேலை என்று வண்டியை நிறுத்துவார்கள். செங்கல்பட்டில் இறங்கினால் திருப்போரூருக்குப் பஸ். காலையில் கந்தசாமி தரிசனம், பிறகு பூங்கா.

அம்மாவைக் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் போகலாம் என்ற நினைப்பு இருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள். அவருக்கும் டிக்கெட் எடுங்கள். தஞ்சோரா என்று ஒரு ரோலர் கோஸ்டர் அங்கே இருக்கிறது. தண்டவாளம் தலைக்கு மேலே, கால்கள் அந்தரத்தில். அதில் அவர் ஏற வேண்டாம். கீழே நின்று, மேலே மகன் 'முருகா' என்று அலறுவதைப் பார்க்கிற சந்தோஷம் ஒரு தாய்க்கு வேறு எங்கே கிடைக்கும்?

என் மகனுக்கு பத்து வயது. அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?
*- அப்பா, கனகம்மாசத்திரம்*

ரயிலிலா, பூங்காவிலா? ரயில்வே வயதைக் கேட்கும். பூங்கா உயரத்தை அளக்கும். அஞ்சு வயது முடியாத பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட்டே கிடையாது. அஞ்சு முதல் பன்னிரண்டுக்குள் லோக்கலில் அரை டிக்கெட். பூங்கா வாசலில் சுவரிலோ கம்பத்திலோ ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்கள். அதற்குக் கீழே தலை நின்றால் சிறுவர், தாண்டினால் பெரியவர். காலையில் திருத்தணியில் அரையாக ஏறிய பிள்ளை மத்தியானம் முழுசாகி, சாயங்காலம் வீடு திரும்பும்போது மறுபடி அரையாகிவிடுவான்!

இந்தக் கோட்டடியில் நடக்கும் காட்சிக்கே தனி டிக்கெட் போடலாம். அப்பா 'லேசா குனிடா' என்பார் பல்லைக் கடித்துக்கொண்டு. மகனோ நேற்றுதான் பெரியவனானவன் மாதிரி குதிகாலைத் தூக்கி நெஞ்சை நிமிர்த்துவான். நான் எப்போதும் பையன் கட்சி. காசு போனால் போகட்டும், நிமிர்ந்து நிற்கிற பிள்ளையைக் குனியச் சொல்லாதீர்கள்.

மலையில் மொட்டை போட்ட கையோடு தீம் பார்க் போய்த் தண்ணீரில் இறங்கலாமா?
*- புது மொட்டை, பொன்பாடி*

வேண்டாம் ஐயா. புதுசாகக் கத்தி பட்ட தலையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் நாலைந்து இருக்கும். குளோரின் தண்ணீர் பட்டதும் ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லி அழைக்கும். தவிர, தலையில் அப்பியிருக்கும் சந்தனம் கரைந்து அலைக்குளமே அபிஷேகத் தீர்த்தமாகிவிடும். நாலு நாள் பொறுங்கள். தொப்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை வெயில் மொட்டைக்கு இரக்கம் காட்டாது.

தண்ணீர் விளையாட்டுக்கு வேட்டியோடு விடமாட்டார்களாமே?
*- பெரியவர், அம்மையார்குப்பம்*

விடமாட்டார்கள். சேலையும் கூடாது. நைலான் மாதிரித் துணிதான் கேட்பார்கள். காரணம் நியாயமானது: பருத்தி நனைந்தால் கனக்கும், சறுக்கில் சிக்கும், வேட்டி எங்கே அவிழும் என்று முருகனுக்கே தெரியாது. வாசலில் வாங்கினால் விலை அதிகம், திருத்தணி பஜாரிலேயே ஒரு செட் எடுத்துக்கொண்டு போங்கள். நெசவாளர் ஊரில் இருந்து எழுதும் உங்களிடம் நைலானுக்குப் பரிந்து பேசுவது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?
*- மாமி, திருத்தணி*

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! பெரும்பாலான பூங்காக்களில் வெளிச் சாப்பாடு வாசலோடு சரி. அதனால் புளியோதரையை ரயிலிலேயே முடித்துவிட வேண்டும். எங்கே பிரிப்பது என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. அரக்கோணத்துக்கு முன்னால் பிரிப்பவர் அவசரக்காரர். ஆவடிக்குப் பிறகு கூட்டத்தில் முழங்கையை மடக்க முடியாது. திருவாலங்காட்டில் பிரித்து, திருவள்ளூருக்குள் கை கழுவ வேண்டும். ராத்திரியே கிளறி, வாழை இலையில் கட்டி, மேலே காகிதம் சுற்றிய புளியோதரை, காலை ஏழு மணிக்கு நல்லெண்ணெய் ஊறி நிலக்கடலை மெத்தென்று ஆகியிருக்கும். அதன் வாசனைக்கு எதிர் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். அவருக்கும் ஒரு பிடி கொடுங்கள். தயிர்சாதத்தை மட்டும் வெயில் காலத்தில் சாயங்காலத்துக்கு என்று வைக்காதீர்கள்.

ராட்டினத்தில் கை பிசகினால் என்ன செய்வது?
*- பயந்தாங்கொள்ளி, திருவள்ளூர்*

முதலில் எக்ஸ்ரே. நம் லைனிலேயே வடக்கே புத்தூர் இருக்கிறது, கட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது கிளம்பினாலும் முதலில் எக்ஸ்ரே.

எங்கள் அப்பா இன்னும் 'கிஷ்கிந்தா, கிஷ்கிந்தா' என்கிறாரே?
*- மகள், அரக்கோணம்*

தொண்ணூறுகளில் தாம்பரத்தில் ரயில் இறங்கி கிஷ்கிந்தா போனவர்களுக்கு அந்த மயக்கம் தெளியவே தெளியாது. அதை உருவாக்கியவர் நவோதயா அப்பச்சன். 1984-ல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னைத் தயாரித்தவர். கண்ணாடி மாட்டிவிட்டு ஐஸ்கிரீமைக் கண்ணுக்கு நேரே நீட்டிய மனிதர் பூங்கா கட்டினால் எப்படி இருக்கும்? அப்பாவை உட்காரவைத்துக் கேளுங்கள், அவர் சொல்லட்டும்.

தறி ஓட்டுகிறேன். இரண்டு பிள்ளைகள். கூடப் படிக்கிறவர்கள் வொண்டர்லா போய் வந்ததைச் சொல்கிறார்களாம், வீட்டில் அழுகை. தலைக்கு ஆயிரத்துக்கு மேல் ஆகுமாம். என்ன சொல்லி சமாளிப்பது?
*- பெயர் வேண்டாம், பொதட்டூர்பேட்டை*

சமாளிக்க வேண்டாம் ஐயா. இப்போது அவ்வளவு காசு இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும். ஆனால் வெளியே கூட்டிக்கொண்டு போகும் ஒரு நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

1955 ஜூலை 17-ல் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி தன் முதல் பூங்காவைத் திறந்தார். சின்ன வயதில் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்ற பையன் அவர். ரயில் மீது தீராத ஆசை. வீட்டுத் தோட்டத்திலேயே குட்டி ரயில் ஓட்டினார். பூங்காவையும் சுற்றி ரயில் விட்டார். அதே 1955-ல், அக்டோபர் 2-ம் தேதி, பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். அந்த ஐ.சி.எஃப். பக்கத்தில் ரயில் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பழைய நீராவி எஞ்சின்கள், பழைய பெட்டிகள், பிள்ளைகள் ஏறிச் சுற்றிவர குட்டி ரயில். நம் லைனிலேயே வில்லிவாக்கத்தில் இறங்கி ஆட்டோவில் பக்கம். வேகமாகப் போகும் வண்டி அங்கே நிற்காது, நின்று நின்று போகும் வண்டியாகப் பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை. நுழைவுக் கட்டணம் உங்களைப் பயமுறுத்தாது.

போகும் வழியில் பெட்டியில் ஐ.சி.எஃப். என்று பொறித்த தகட்டைப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 'நாம் உட்கார்ந்து வந்த பெட்டியை இங்கேதான் செய்தார்கள், முதல் வந்தே பாரத் 2018-ல் இங்கிருந்துதான் வெளியே வந்தது' என்று அங்கே போனதும் சொல்லுங்கள். தறியில் ஒவ்வொரு இழையாக லுங்கி வளர்வதை நீங்கள் காட்டியிருப்பீர்கள். பொருள் உருவாகிற இடத்தைப் பார்க்கும் பழக்கம் உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே உண்டு. அவர்கள் கேட்கிற கேள்வி மற்றவர்கள் கேட்பதைவிட நன்றாக இருக்கும்.

இன்னொரு லீவில் வண்டலூர். 1855-ல் சென்னைக்குள் தொடங்கிய மிருகக்காட்சி சாலை, 1985-ல் அங்கே போனது. சென்ட்ரல் எதிரே பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் வண்டலூரில் இறங்கலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் மூடியிருக்கும். போய் வந்ததும் பிள்ளைகள் பார்த்ததை எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். கட்டாயம் பிரசுரிப்பேன்.

டிசம்பர் 31 ராத்திரி பார்க்கில் ஆட்டம் பாட்டமாம். போகலாமா?
*- இளைஞர் குழு, திருத்தணி*

அன்றைக்கு ஊரை விட்டா? 365 படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, ஒவ்வொரு படியிலும் கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே மேலே போகும் படித் திருவிழாவைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் ரயில் ஏறி இங்கே வருகிறார்கள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது. புது வருஷத்தில் முதலில் முருகனைப் பார்க்கட்டும் என்று அவர் ஏற்படுத்திய வழக்கம். பார்க் ஜனவரி இரண்டாம் தேதியும் அங்கேயேதான் இருக்கும்.

நாங்கள் நகரி. எங்களுக்கும் இந்த யோசனைகள் பொருந்துமா?
*- எல்லை தாண்டிய வாசகர்*

1960 ஏப்ரல் 1-ல் திருத்தணியைத் தமிழ்நாட்டோடு சேர்த்துக் கோடு போட்டார்கள். தண்டவாளத்தில் யாரும் கோடு போடவில்லை. ரண்டி, ரண்டி!

கடைசி வண்டி எத்தனை மணிக்கு?
*- பலர்*

சொல்லமாட்டேன். சொன்னால் அதற்குத்தான் வருவீர்கள். கடைசி வண்டிக்கு முந்தின வண்டியைப் பிடிக்கிறவருக்குத்தான் இந்தப் பகுதியில் மரியாதை. அதைத் தவறவிட்டாலும் ஒன்று மிச்சமிருக்கும். அதையும் விட்டால் அரக்கோணம் வண்டி ஏதாவது கிடைக்கிறதா பாருங்கள். அரக்கோணம் வந்துவிட்டால் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து வீடு சேரலாம். காலையிலேயே ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துவிடுங்கள், சாயங்காலக் கியூவில் நிற்க வேண்டாம். ஆடிக் கிருத்திகை நாட்களில் மட்டும் இந்தத் திட்டம் எதையும் போடாதீர்கள். காவடிகளோடு ஊரே உள்ளே வரும்போது நீங்கள் மட்டும் வெளியே போக ஸ்டேஷன் வாசலில் வழி கிடைக்காது.

திருத்தணியில் தீம் பார்க் உண்டா?
*- சென்னைவாசி, கொரட்டூர்*

365 படி, உச்சியில் முருகன், இறங்கும்போது குரங்கு. படி ஏற டிக்கெட் கிடையாது, உயரமும் அளக்கமாட்டோம். வெயில் ஏறுமுன் வந்துவிடுங்கள், கல் சுடும்.