நாலாயிரத்துச் சொச்சமாவது இடம்

மாரத்தான் போன்ற நெடுந்தூர ஓட்டங்களின் முடிவுப் பட்டியல் என்பது, பங்கேற்றவர் ஒவ்வொருவரையும் பற்றி அவருடைய வீட்டாரே அறிந்திராத செய்திகளை ஒரே வரியில் அடக்கி, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் ஒருசேரத் திறந்து வைக்கும் ஆவணமாகும். பெயர், மார்பில் நான்கு ஊக்குகளால் குத்தப்பட்டிருந்த எண், வயதுப் பிரிவு, பெற்ற இடம், துப்பாக்கி நேரம், சிப் நேரம் ஆகியவை அவ்வரியில் அணிவகுத்து நிற்கும். துப்பாக்கி நேரம் தொடக்க ஒலி எழுந்த கணத்திலிருந்து கணக்கிடப்படுவது. சிப் நேரமோ, எண் அட்டையின் பின்புறம் ஒட்டப்பட்ட சிறு மின்னணுச் சில்லு, தொடக்கக் கோட்டில் விரிக்கப்பட்ட பாயைக் கடக்கும்போது தொடங்கி, முடிவுக் கோட்டுப் பாயைக் கடக்கும்போது நிற்பது. கூட்டத்தின் கடைசியில் நின்று, தொடக்கக் கோட்டை அடையவே பத்து நிமிடம் நடந்தவருக்கு இந்த இரண்டாவது கணக்கு நியாயம் வழங்குகிறது. ஆயினும், தாமதத்திற்குக் கூட்ட நெரிசலைக் காரணம் காட்டும் வாய்ப்பையும் அதுவே பறித்துக்கொள்கிறது.

இவற்றைவிட ஈரமற்றவை, ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வழியில் பதிவாகும் இடைநேரங்கள். முதல் ஐந்து கிலோமீட்டரை 27 நிமிடத்தில் கடந்த ஒருவர், முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஐந்து கிலோமீட்டருக்கு 58 நிமிடம் எடுத்துக்கொண்டார் என்று பட்டியல் சொல்லுமானால், ஓட்டம் நடையாகி, நடை நொண்டலாகி, தண்ணீர் வழங்கும் மேசையருகே தொண்டர் ஒருவரின் பிளாஸ்டிக் நாற்காலியும் சிறிது நேரம் பயன்பட்டிருக்கிறது என்பதை விவரம் அறிந்தவர் எளிதில் ஊகித்துவிடுவர். வயதுப் பிரிவு செய்யும் வேலை வேறு வகையானது. மீசைக்கு மாதந்தோறும் மை தீட்டி நாற்பதுக்குக் கீழே நின்றுகொண்டிருப்பவரை, ‘ஆண்கள் 50–54’ என்னும் மூன்று சொற்கள் ஒரே நாளில் உண்மையான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றன.

இத்தகைய பட்டியலை வெளியிடுவது தனியுரிமையில் தலையிடுவதாகும் என்னும் முறையீட்டை ஆராய்பவர், முறையிடுவோரின் முந்தைய நாள் நடத்தையையும் கருத்தில் கொள்ள வேண்டும். எண் அட்டையைக் கட்டில்மேல் பனியனோடும் காலணியோடும் பரப்பிவைத்துப் படமெடுத்து, அதனை வாட்ஸ்அப்பில் உற்றார் உறவினர் அனைவருக்கும் காட்டியவரும் அவரே. மறுநாள் பதக்கத்தைப் பல்லால் கடித்து நின்றவரும் அவரே. அவர் மறைக்க விரும்புவது தம் பெயரையன்று, அப்பெயருக்கு வலப்புறம் உள்ள எண்களை மட்டுமே என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

அந்த எண்கள் எத்தனை ஆண்டு காத்திருக்கும் என்பதற்கு அமெரிக்க அரசியலில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2012ஆம் ஆண்டில் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற பால் ரையன், தாம் மாரத்தானை மூன்று மணி நேரத்திற்குள், அதாவது இரண்டு மணி ஐம்பத்துச் சொச்சம் நிமிடத்தில் ஓடியதாக வானொலிப் பேட்டி ஒன்றில் கூறினார். ‘ரன்னர்ஸ் வேர்ல்ட்’ இதழ் பழைய பட்டியல்களைப் புரட்டிப் பார்த்தபோது, மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் 1990இல் நடந்த ‘கிராண்ட்மாஸ் மாரத்தான்’ போட்டியில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 4 மணி 1 நிமிடம் 25 விநாடி என்று தெரியவந்தது. அரசியல்வாதியின் சொற்களில் ஒரு மணி நேரம் காணாமல் போவது அரிதன்று எனினும், அது விநாடி சுத்தமாக மீட்கப்பட்டது மிக அரிது. 1980இல் பாஸ்டன் மாரத்தானின் பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்த ரோசி ரூயிஸ், வழியில் எந்தச் சோதனைச் சாவடியிலும் காணப்படாமல் முடிவுக் கோட்டருகே மட்டும் தோன்றியவர் எனத் தெளிவாகிப் பட்டத்தை இழந்ததையும் நினைக்கும்போது, பட்டியல் பலர் கண்ணில் படவேண்டும் என்று அமைப்பாளர்கள் பிடிவாதம் பிடிப்பதில் பொருள் இருப்பது விளங்கும்.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு முடிவுகள் ஒரு காலத்தில் நாளிதழ்களில் பெயரின்றிப் பதிவெண்களாக மட்டுமே வெளிவந்தன என்பதும், 2017இல் மாநில அளவிலான தரவரிசை அறிவிப்பையே அரசு கைவிட்டது என்பதும் இங்கே ஒப்புநோக்கத்தக்கவை. ஆனால், பதிவெண் மட்டும் அச்சானதால் எந்த மாணவரும் தப்பியதாகத் தெரியவில்லை; எதிர்வீட்டு மாமா அந்த எண்ணை ஒரு மாதத்திற்கு முன்பே மனப்பாடம் செய்திருப்பார்.

சட்டம் இவ்விடத்தில் சில கதவுகளைத் திறந்திருக்கிறது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும், 2023இல் இந்தியா இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் தம் தரவை அழிக்கக் கோரும் உரிமையைச் சில வரம்புகளோடு ஏற்கின்றன. ஒருவரிடமிருந்து விலகி வாழும் பெண், தாம் ஓடும் நாளும் ஊரும் அவருக்குத் தெரியக்கூடாது என்று கேட்பாராயின் அக்கோரிக்கையில் நகைப்பதற்கு எதுவும் இல்லை; அதனை மறுபேச்சின்றி நிறைவேற்றுவதே முறை. காய்ச்சல் என்று விடுப்பு எழுதிவிட்டு 21 கிலோமீட்டர் ஓடியவரின் கோரிக்கையை அதே கோப்பில் வைப்பதுதான் அமைப்பாளர்களின் சங்கடம்.

சென்னை போன்ற நகரங்களின் பட்டியல்களில் இச்சிக்கல் மேலும் ஒரு சுற்று முறுக்கிக்கொள்கிறது. தலைப்பெழுத்தோடு வாழும் தமிழரிடம் பதிவுப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்பதால், அவ்விடத்தில் தந்தையின் பெயர் எழுதப்பட்டு, வாழ்நாளில் பேருந்துக்காகக்கூட ஓடியிராத அப்பெரியவர் நாலாயிரத்துச் சொச்சமாவது இடத்தில் மகனோடு சேர்ந்தே வந்து சேருகிறார். தலைப்பெழுத்தை மட்டும் இட்டவர்களுக்கோ இயற்கையே மறைப்பு அளிக்கிறது. பட்டியலில் கார்த்திக்குகள் பலர் இருக்க, அவர்களுள் மிக விரைந்து ஓடியவரின் நேரத்தை மற்றக் கார்த்திக்குகள் அனைவரும் தத்தம் அலுவலகங்களில் தமதாகப் பகிர்ந்துகொள்வதற்குத் தடையேதும் இல்லை. அவர்களுள் எவரும் தம் வரியை நீக்குமாறு விண்ணப்பிப்பதில்லை.